மேசைமேல் ஆறு வேதாகமங்கள்

ஓட்டுப் பெட்டியில் தனக்கு வெள்ளைக் குண்டு போடுவதாக மற்ற ஐந்து பேரும் சத்தியம் செய்துவிட்டார்கள், நீ மட்டும்தான் பாக்கி என்று ஹைரம் பெல்டன் வந்து நின்றபோது, சேணம் தைக்கிற கிடியன் ஸ்ட்ரான் மெழுகு நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். அதனால் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நூலுக்கு மனதுக்குள் நன்றி சொன்னான்.

"நூலைத் துப்பிட்டுச் சொல்லுடா," என்றான் ஹைரம். "இருபது வருசப் பழக்கம். போடுவியா, மாட்டியா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"கேள்விதான். என் வீட்டுக்காரி பாதிச் சாமானைக் கட்டி வெச்சுட்டா. நீ உன் வாயால சொன்னாதான் மூட்டையைப் பிரிப்பாளாம். உன்மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. என்மேலகூடக் கெடையாது."

"வெள்ளைதான் போடுவேன். போய்ப் பிரிக்கச் சொல்லு."

ஹைரம் கை நீட்டினான். கிடியன் குலுக்கினான். தன் உள்ளங்கை வேர்த்திருந்தது, தோலுக்குப் போடுகிற எண்ணெய் என்று ஹைரம் நினைத்துக்கொள்வான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஹைரம் தைக்கக் கொடுத்திருந்தது கொடிக் கம்பத்தைத் தாங்குகிற இடுப்பு வார். அன்று பிப்ரவரி இருபத்திரண்டு, வாஷிங்டன் பிறந்தநாள். பகல் பன்னிரண்டுக்கு ஊர்வலம். ஆல்டர்ஸ்போர்ட் ஊர்வலத்தில் பன்னிரண்டு வருடமாக ஹைரம்தான் கொடி பிடித்துப் போகிறான். சஸ்கொஹானா ஆற்றுக் காற்று எப்படி அடித்தாலும் அவன் கையில் கம்பம் அசையாது. ஆனால் அன்றைக்கு யார் பிடிப்பது என்பதைப் பதினொரு மணிக்குச் சங்கத்து மாடியில் ஒரு மரப்பெட்டி தீர்மானிக்கப் போகிறது.

அந்த மரப்பெட்டிக்கு இந்த ஊரில் இருந்த மரியாதை ஆலய மணிக்குக்கூட இருந்ததில்லை. மண்ணின் மைந்தர் சங்கத்தில் இருநூறு பேர் இருந்தார்கள், ஊரை ஆண்டது அதில் ஏழு அதிகாரிகள். தானும் இந்த அமெரிக்க மண்ணில் பிறந்திருக்க வேண்டும், தாய் தகப்பனும் இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், போப்பாண்டவரைக் கும்பிடுகிற ஒருவரும் வீட்டில் இருக்கக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால்தான் படியேறலாம். போன வருடத்துக்கு முந்தைய வருடம் நகரசபையைப் பிடித்த கையோடு, வெளிநாட்டில் பிறந்தவர்களை ஒவ்வொரு வேலையாகத் துரத்தினார்கள். தெருவிளக்கு ஏற்றுகிறவன் போனான், குழி வெட்டுகிறவன் போனான், பள்ளிக்கூடத்து அடுப்பு மூட்டுகிற கிழவி போனாள். எந்த ஊரில் பிறந்தவன் மூட்டினாலும் அடுப்பு எரியத்தான் செய்யும். அதையெல்லாம் அன்றைக்குச் சொல்லிப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. கால்வாய் மதகைக் காத்த ஐரிஷ்காரன் போனான். அந்த வேலையும், மதகோரத்துக் கல் வீடும் ஹைரமுக்கு வந்தன. அத்தனை உத்தரவையும் தன் கையால் எழுதியவன் செயலாளர் கிடியன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சங்கத்துக் கதவின் அடியில் ஒரு கடிதம் கிடந்தது. பெயரில்லை. இரண்டே வரி. "உங்கள் ஏழு அதிகாரிகளில் ஒருவன் இந்த மண்ணில் பிறந்தவன் அல்ல. எனக்குத் தெரியும்."

தலைவர் லூசியஸ் வெதர்பி, மாவு மில் முதலாளி, அதை உரக்கப் படித்தார். ஏழு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், ஆளுக்கொரு குடும்ப வேதாகமம் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் பிறப்பும் இறப்பும் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் விட்டிருக்கும் வெற்றுத்தாளில்தான் எழுதப்படும். அதில் எழுதியிருந்தால் பிறந்தான், எழுதாவிட்டால் பிறக்கவில்லை. மறுவாரம் மேசைமேல் ஆறு வேதாகமங்கள் வந்து உட்கார்ந்தன, தடித் தடியாக, பித்தளைக் கொக்கி போட்டு. ஹைரம் மட்டும் வெறுங்கையோடு வந்தான். அவன் வீட்டு வேதாகமம் பத்து வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் ஆற்றோடு போய்விட்டது.

அவ்வளவுதான். சங்கச் சட்டப்படி அவன் நிறுத்தி வைக்கப்பட்டான். புது ஆளைப்போல மறுபடி பெட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆறு அதிகாரிகளும் ரகசியமாக ஆளுக்கொரு குண்டு போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அவன் வெளியே. வெளியே என்றால் வேலை போகும், வீடு போகும், எதிரில் வந்தால் ஒருவரும் பேசமாட்டார்கள். அதற்குமேல் ஒன்றையும் வெதர்பி சொல்லியிருந்தார். "ஹைரம் தேறிட்டார்னா, கடிதாசி வேற ஒருத்தரைப் பத்தினதுன்னு ஆகுது. அப்புறம் நம்ம ஆறு பேரோட பிறந்த ஊருக்கும் எழுதிச் சான்றிதழ் கேக்கறதைத் தவிர வழியில்ல. ஹைரம் தேறலேன்னா, ஆளு கெடைச்சாச்சு. அத்தோட முடிஞ்சுது."

எல்லாரும் தலையாட்டினார்கள். கிடியனும் தலையாட்டினான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை.

ஏனென்றால் கடிதம் தன்னைப் பற்றியது என்று கிடியனுக்குத் தெரியும். அவன் எந்த மண்ணிலும் பிறக்கவில்லை. அயர்லாந்தின் டெர்ரி துறைமுகத்திலிருந்து வந்த கப்பலின் அடித்தட்டில், கரை தெரிவதற்கு நான்கு நாள் முன்னால் பிறந்தவன். அவன் தகப்பன் இறங்கிய துறைமுகத்திலேயே பெயரில் பாதியை வெட்டிப் போட்டுவிட்டு, மெய்ன் மாநிலத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்தான். கிடியனின் வேதாகமம் ஏலத்தில் வாங்கியது. உள்ளே இருந்த பிறப்புத் தாளை அவனே வாதுமைத்தோல் மையால் எழுதி, அடுப்படியில் ஒரு வாரம் புகை காட்டிப் பழசாக்கினான். மேசையில் அதை வைத்த அன்று, யாராவது முகர்ந்து பார்த்தால் புகை வாடை அடிக்குமே என்று நடுங்கிக்கொண்டிருந்தான். நல்லவேளை, யாரும் யாருடையதையும் அதிகம் புரட்டவில்லை. திறந்தார்கள், "சரி, சரி" என்றார்கள், மூடினார்கள். சகோதரர்கள் என்றால் இப்படித்தான் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று அப்போது நெகிழ்ந்துகூடப் போனான் முட்டாள்.

வெளியே தள்ளப்பட்டவன் கதி என்ன என்று அவனுக்குத் தெரியாததல்ல. போன வருடம் நாவிதன் ஒருவனின் மனைவி கத்தோலிக்கக்காரி என்று தெரிய வந்தது. மறுநாள் அவன் நாற்காலியில் ஒரு தாடி உட்காரவில்லை. இரண்டு மாதத்தில் குழந்தைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அந்த வண்டியின் குதிரைக்குச் சேணம் தைத்துத் தரக்கூடக் கிடியன் மறுத்துவிட்டான்.

தைத்து முடித்த வாரை வாங்கிக்கொண்டு ஹைரம் போனதும் கடையைச் சாத்திவிட்டு, கிடியன் கொல்லைத் தெரு வழியாக ஹனோரா கோர்மன் வீட்டுக்கு நடந்தான். கப்பலில் அவன் பிறந்தபோது விளக்குப் பிடித்த பன்னிரண்டு வயதுப் பெண் அவள். இப்போது ஐம்பது வயது, ஊர்த் துணி துவைக்கிறாள். மதகு வேலையை இழந்த ஐரிஷ்காரன் அவள் தம்பி. பத்து வருடமாக ஒரே ஊரில் இருந்தும் அவளும் கிடியனும் கண்ணால்கூடப் பேசிக்கொண்டதில்லை. அவன் எங்கே பிறந்தான் என்று தெரிந்த ஒரே உயிர் அவள்தான்.

கொதிக்கிற அண்டாவுக்குள் கழியை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தவள் அவனைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"வாங்க செயலாளரே. முன்வாசல் இருக்கறது கண்ணுக்குத் தெரியலையோ?"

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன்."

"அக்காவா! பத்து வருசத்துல இன்னிக்குத்தான் அக்காவாயிட்டேன். சொல்லு தம்பி, என்ன வேணும்?"

"அந்தக் கடிதாசி. நீதான் எழுதினியா?"

"எந்தக் கடிதாசி?"

அவன் சொன்னான். அவள் கழியை விட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எனக்கு எழுத்துத் தெரிஞ்சா உன் துணிய ஏன்டா துவைக்கிறேன்? என் பேருக்குக் கீழ கோடு போடத்தான் தெரியும்."

"யாரையாவது விட்டு எழுதச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். என் தம்பிய மதகை விட்டுத் தொரத்தினீங்களே, அன்னிக்குச் சொல்லியிருக்கலாம். பனியில அவன் புள்ளைங்களோட இந்தக் கொல்லையில வந்து நின்னான். உத்தரவை ஒருத்தர் படிச்சுக் காட்டினாரு. கையெழுத்து ரொம்ப அழகா இருக்குன்னாரு. யாரு கையின்னு எனக்குத் தெரியும்."

கிடியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன் சொல்லல, அக்கா?"

"உங்கம்மாவுக்காக. எனக்குக் கப்பல்ல காய்ச்சல் வந்தப்ப அவ பங்குத் தண்ணிய எனக்குக் குடுத்தா, வயித்துல உன்னையும் வெச்சுக்கிட்டு. உன் மூஞ்சிக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ." கழியை மறுபடி எடுத்தாள். "இப்ப யாரு தலைய உருட்டறீங்க?"

"ஹைரம். அவன் இந்த மண்ணுல பொறந்தவன்தான். அவன் தாத்தா வாஷிங்டன் படையில இருந்தவரு. ஆனா தாள் இல்ல."

"உங்கிட்ட தாள் இருக்கு."

"இருக்கு."

"அப்ப அவன் போகட்டும், நீ இருப்பேங்கற."

"நான் அப்படிச் சொல்லல. வெள்ளை போடறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"குடுத்தவன் எதுக்குடா என் கொல்லைக்கு வந்து நிக்கற?" என்றாள் ஹனோரா. "போ. என் தம்பி வீட்டுல போய்க் குந்தினவனுக்காக நான் அழமாட்டேன். உனக்காகவும் அழமாட்டேன். எனக்குத் துணி ஆறிப்போவுது."

கடிதம் யார் எழுதியது என்பது அவனுக்குத் தெரியாமலே போயிற்று. இன்றுவரை ஊரில் யாருக்கும் தெரியாது.

பதினொரு மணிக்குக் கீழே தெருவில் வாத்தியக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் ஆறு பேர் நீலப் பட்டை அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஹைரம் முன்னறையில் காத்திருந்தான். வழக்கமாகக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் எபென் டட்டில் ஏதாவது ஒரு வேடிக்கை சொல்லுவான். சவப்பெட்டி செய்கிற தச்சன், ஊரிலேயே அதிகம் சிரிக்கிறவன். அன்று அவன் தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மருத்துவர் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். எல்லாருக்கும் ஹைரம்மேல் இவ்வளவு பாசமா என்று கிடியனுக்கு உறுத்தியது. தான் ஒருவன்தான் இந்த நல்லவர்கள் நடுவில் பாம்பாக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

"சகோதரர்களே," என்றார் வெதர்பி, "ஹைரம் பெல்டனை நமக்குத் தெரியும். மனசாட்சிப்படி போடுங்க."

பெட்டி சுற்றி வந்தது. முன்பக்கம் துணித்திரை. அதற்குள் கையை விட்டால் இடது கிண்ணத்தில் வெள்ளை, வலது கிண்ணத்தில் கறுப்பு. எடுத்த குண்டை நடுத் துவாரத்தில் போட்டால் கம்பளி விரித்த இழுப்பறைக்குள் சத்தமில்லாமல் விழும். எதை எடுத்தான் என்பது கடவுளுக்கும் கைக்கும்தான் தெரியும்.

வெதர்பி போட்டார். மருத்துவர் போட்டார். அச்சுக்கூடக்காரர் போட்டார். மளிகைக்காரர் போட்டார். டட்டில் கையை உள்ளே விட்டவன் எடுக்கவே மாட்டேன் என்பதுபோல் நின்றான், பிறகு போட்டான். பெட்டி கிடியனிடம் வந்தது.

கையை விட்டான். இடது கிண்ணத்தைத் தொட்டான். குண்டுகள் குளிர்ந்திருந்தன. வெள்ளை என்றால் ஹைரமின் மனைவி மூட்டையைப் பிரிப்பாள். வெள்ளை என்றால் நாளைக்கே மெய்ன் மாநிலத்துக்கு ஒரு கடிதம் போகும். அதையும் செயலாளர்தான், தன் அழகான கையெழுத்தில், எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வரும், அப்படியொரு பிள்ளை இங்கே பிறக்கவில்லை என்று. அப்புறம் கடை. அப்புறம் மனைவி புரூடென்ஸ். அவள் தகப்பனும் சங்கத்து ஆள், மாப்பிள்ளையின் வேதாகமத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தவர். அப்புறம் வண்டி.

ஹைரம் பலசாலி, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று ஒரு குரல் சொன்னது. மற்ற ஐந்து பேர் வெள்ளை போட்டிருக்கிறார்கள், ஒரு கறுப்பை யார் போட்டான் என்று எவனுக்கும் தெரியப் போவதில்லை என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டும் அவன் குரல்தான். கீழே முரசு ஒருமுறை அதிர்ந்து நின்றது. அவன் கை வலப்பக்கம் நகர்ந்தது. குண்டை எடுத்துத் துவாரத்தில் விட்டான். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. இருபது வருடத்து நண்பனைக் கொன்றாயிற்று என்று தெளிவாகவே தெரிந்தது, அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வெதர்பி இழுப்பறையைத் திறந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிவரை போனதைக் கிடியன் கண்டான். ஒரு கறுப்புக்கு இந்த மனிதர் இவ்வளவு கலங்குவாரா என்று நினைத்தான்.

"செயலாளர்," என்றார் வெதர்பி. "எண்ணிக் குறிச்சுக்கோங்க."

கிடியன் எட்டிப் பார்த்தான்.

உள்ளே ஆறு குண்டுகள் இருந்தன. ஆறும் கறுப்பு.

தலையை நிமிர்த்தினான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மருத்துவர் சன்னலைப் பார்த்தார். மளிகைக்காரர் கண்ணை மூடியிருந்தார். டட்டிலின் உதடு அழப்போகும் குழந்தையின் உதடுபோலத் துடித்தது. மூன்று வாரமாகத் தான் ஒருவன் மட்டும் தூங்கவில்லை என்று நினைத்திருந்தான் கிடியன். இந்த அறையில் எவனுமே தூங்கவில்லை. வேதாகமங்களை அவ்வளவு அவசரமாக மூடிய கைகள் இப்போது அவன் கண்முன் வந்தன.

முடிவை இழுப்பறையோடு காட்ட வேண்டும் என்பது விதி. ஹைரமை உள்ளே அழைத்தார்கள். இடுப்பில் புதிதாகத் தைத்த வாரோடு சிரித்த முகமாக வந்தான். கிடியன் பெட்டியை நீட்டினான். ஹைரம் குனிந்து பார்த்தான். பெரிய ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"ஒண்ணு கெடந்தா எவனுக்கோ என்மேல காண்டுன்னு போயிருவேன்," என்றான் மெல்ல. "ஆறு கெடக்கு. ஆறு பேருக்கும் நான் என்னடா பண்ணினேன்? எல்லாரும் கையைக் குடுத்தீங்களே!"

"பெட்டி சொன்னதுதான், பெல்டன்," என்றார் வெதர்பி. "விவாதம் கெடையாது."

ஹைரம் அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த ஆறு வேதாகமங்களைப் பார்த்தான். பிறகு அவற்றின் பின்னால் உட்கார்ந்திருந்த ஆறு முகங்களை, ஒவ்வொன்றாக, குண்டை எண்ணியதுபோலவே எண்ணிப் பார்த்தான். கடைசியில் கிடியனிடம் வந்து நின்றான்.

"உன்னோட ஊரு எது, கிடியன்?"

"மெய்ன்," என்றான் கிடியன்.

"மெய்ன்ல எது?"

கிடியனுக்கு ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. வரைபடத்தில் பார்த்துப் பொறுக்கிய பெயர், மூன்று வாரமாக மனப்பாடம் செய்த பெயர், அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துபோயிற்று.

ஹைரம் தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கிடியன் தாங்கியிருப்பான். நீலப் பட்டையைக் கழற்றினான், வாரை அவிழ்த்தான், இரண்டையும் மடித்து மேசையில் வைத்தான்.

"என் வீட்டுக்காரி மூட்டையைப் பிரிச்சிருப்பா," என்றான். "நீ சொன்னேன்னு சொல்லிட்டு வந்தேன்." படியிறங்கிப் போனான்.

அவனை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட ஒருவன் போதும், ஒரே ஒருவன் எழுந்து என் தாள் பொய் என்று சொல்லியிருந்தால் போதும். அடுத்தவன் சொல்லட்டும் என்று ஆறு பேரும் காத்திருந்தார்கள். பிறகு வெதர்பி இழுப்பறையைச் சாத்தினார். ஆளு கெடைச்சாச்சு, விஷயம் முடிந்தது, வெளியூருக்குக் கடிதம் எதுவும் போகவேண்டியதில்லை என்றார். கொடியைச் செயலாளர் பிடிக்கட்டும் என்றார். கிடியன் குறிப்பேட்டில் "ஒருமனதாக" என்று எழுதினான். எழுத்து எப்போதும்போல அழகாகத்தான் வந்தது.

கீழே முரசு முழங்கத் தொடங்கிவிட்டது. ஊர்வலத்துக்கு இறங்குமுன் உறுதிமொழி சொல்ல வேண்டும். ஆறு பேரும் எழுந்து, அவரவர் வேதாகமத்தின்மேல் கையை வைத்தார்கள்.

"இந்த மண்ணில் பிறந்தோம்," என்று வெதர்பி ஆரம்பித்தார்.

மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறந்தோம். அந்நியன் கையில் இதைக் கொடுக்கமாட்டோம். யாரும் தடுமாறவில்லை, ஒரு சொல்கூட விடவில்லை. பக்கத்தில் நிற்பவன் தன் குரலில் நடுக்கத்தைக் கேட்டுவிடுவானோ என்று ஒவ்வொருவனும் அடுத்தவனைவிட உரக்கச் சொன்னான். எல்லாரையும்விட உரக்கச் சொன்னவன் கிடியன் ஸ்ட்ரான்.